திண்டிவனம் மக்களவைத் தேர்தல், 1952

திண்டிவனம் மக்களவைத் தேர்தல், 1952 என்பது இந்தியாவின் முதலாவது பொதுத் தேர்தலின் ஒரு பகுதியாக, அன்றைய சென்னை மாநிலத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திண்டிவனம் மக்களவைத் தொகுதியில் நடைபெற்ற தேர்தலாகும். இது இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியாக இருந்தது. இரண்டு இடங்களையும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியே கைப்பற்றியது. வி. முனுசாமி, ஏ. ஜெயராமன் ஆகிய இருவரும் முதலாவது மக்களவையின் உறுப்பினர்களாயினர்.

நாட்டு விடுதலைக்குத் தலைமை தாங்கிய இந்திய தேசிய காங்கிரசு, தொடங்கி ஓராண்டுகூட ஆகாத ஒரு மாவட்ட அளவிலான கட்சியிடம் ஊரகத் தொகுதி ஒன்றை முழுமையாக இழந்தது என்பதே இத்தேர்தலின் சிறப்பு. இரண்டாம் உலகப் போரின்போது கொண்டுவரப்பட்ட உணவுக் கட்டுப்பாடுகள் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கடந்த பின்னரும் நீடித்த நிலையில் இத்தேர்தல் நடைபெற்றது. போர்க்காலத்தில் வாக்குரிமை இல்லாதிருந்த சிறு உழவர்களும் கூலியாட்களும் அக்கட்டுப்பாடுகளைப் பற்றித் தம் கருத்தை வாக்குச்சீட்டின் வழியாகச் சொல்லக் கிடைத்த முதல் வாய்ப்பும் இதுவே.

தொகுதியின் இயல்பு

தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதி காவிரிப் பாசனப் பகுதியைப் போன்று ஆற்று நீரை நம்பிய நிலம் அன்று. ஏரிகளும் கிணறுகளுமே இங்கு வேளாண்மைக்கு அடிப்படை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் ஒரு போகம் நெல். நிரம்பாவிட்டால் கிணற்று நீரைக் கவலை பூட்டி இறைத்து, கேழ்வரகும் கம்பும் விளைவிப்பர். செஞ்சியாறு, சங்கராபரணி, வராகநதி எனப் பல பெயர்களால் அறியப்படும் ஆறு மழைக்காலத்தில் மட்டுமே பெருக்கெடுக்கும். அதன் குறுக்கே வீடூர் அணை 1950-களின் இறுதியிலேயே கட்டி முடிக்கப்பட்டது. தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையும் அதே காலத்தைச் சேர்ந்ததே. ஆகவே 1952-ல் வாக்களித்த உழவர்களுக்கு இவ்விரு அணைகளின் பயனும் கிட்டியிருக்கவில்லை.

புன்செய் நிலங்களில் நிலக்கடலையே முதன்மைப் பணப்பயிர். இவ்வட்டாரத்தில் இதனை மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்குவர். திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை இரகம் நாடு முழுவதும் பரவியது. அப்பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கும் என்பது அவ்விதையை விதைத்த வெளிமாநில உழவர் பலருக்குத் தெரிந்திராது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக இப்பகுதியின் கடலை நெடுங்காலம் பிரான்சின் மார்சேல் நகருக்கு ஏற்றுமதியானது. இதனால் ஐரோப்பாவில் ஏற்படும் விலை ஏற்ற இறக்கம் செஞ்சிக்கும் மயிலத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர்களிலும் உணரப்பட்டது.

மாவட்டத்தின் பெரும்பகுதி இரயத்துவாரி முறையின் கீழ் இருந்தது. அதாவது, உழவர் தம் நிலத்துக்கான தீர்வையை இடையில் சமீன்தார் எவருமின்றி நேரடியாக அரசுக்குச் செலுத்தினர். சென்னை மாகாணத்தின் சமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை 1948-ல் நிறைவேற்றியவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த வேளாண் குடும்பத்தவரான ஓ. பி. இராமசாமி ரெட்டியார். அவர் 1947 முதல் 1949 வரை மாகாணத்தின் பிரதமராக (அக்காலத்தில் முதலமைச்சருக்கு வழங்கிய பெயர்) இருந்தார். எனினும், இரயத்துவாரி நிலமே மிகுந்த அவருடைய சொந்த மாவட்டத்தில் அச்சட்டத்தால் பயனடைந்தவர் ஒப்பீட்டளவில் குறைவு. அங்கே உழவரின் குறை சமீன்தார் மீதானது அன்று; அரசின் கொள்முதல் அலுவலர் மீதானது.

போர்க்காலமும் உணவுக் கட்டுப்பாடும்

1939-ல் பிரித்தானிய அரசு இந்தியர்களைக் கலந்து கொள்ளாமல் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரி தலைமையிலான அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் விலகியது. அதன் பின் 1946 வரை மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சியில் இருந்தது. போர்க்காலத்தின் முக்கிய முடிவுகள் அனைத்தும், மக்களுக்கு விடை சொல்ல வேண்டிய கடமை இல்லாத அலுவலர்களால் எடுக்கப்பட்டன. 1946-ல் நடந்த மாகாணத் தேர்தலிலும் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகள் உடையோருக்கே வாக்குரிமை இருந்தது.

1940-ல் பிரான்சு செருமனியிடம் வீழ்ந்தபோது கடலை ஏற்றுமதிச் சந்தை முறிந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் நகரம் சப்பானியர் வசமானதும் பர்மா அரிசியின் வரவு நின்றது. சென்னை மாகாணம் தன் அரிசித் தேவையில் ஒரு பங்கைப் பர்மாவிலிருந்தே பெற்று வந்ததால் பற்றாக்குறை விரைவில் வெளிப்பட்டது. 1943-ல் வங்காளத்தில் ஏற்பட்ட பெரும் பஞ்சம் அரசை அச்சுறுத்தியது. அவ்வாண்டிலேயே சென்னை நகரில் பங்கீட்டு முறை (ரேசன்) நடைமுறைக்கு வந்து, படிப்படியாகப் பிற நகரங்களுக்கும் ஊர்ப்புறங்களுக்கும் விரிவடைந்தது.

நகரவாசிக்குப் பங்கீடு என்பது அட்டையும் வரிசையும். உழவருக்கு அதன் மறுபக்கமான கட்டாயக் கொள்முதலே தெரிந்தது. அறுவடையில் குடும்ப உணவுக்கும் விதைக்கும் கூலிக்கும் என ஓர் அளவு நெல்லை வைத்துக்கொண்டு, எஞ்சியதை அரசு குறித்த விலைக்கு ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணக்கிடுவதில் கிராம அலுவலர்களான கணக்கப்பிள்ளைக்கும் மணியக்காரருக்கும் பெரும் பங்கு இருந்தது. அரசு விலைக்கும் கள்ளச்சந்தை விலைக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகப் பெரிது. உரிமம் இன்றி நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வது குற்றமாகும். மண்ணெண்ணெய், துணி, இரும்பு ஆகியவையும் கட்டுப்பாட்டில் இருந்தன. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதற்கும் கலப்பைக்குக் கொழு அடிப்பதற்கும் வேண்டிய இரும்பு எளிதில் கிடைக்காத நிலையில், விளைபொருளுக்கு மட்டும் விலை வரம்பு விதிக்கப்பட்டது உழவர்களிடையே கசப்பை உண்டாக்கியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எல்லை இத்தொகுதியின் ஓரத்திலேயே அமைந்திருந்ததால் சரக்குப் போக்குவரத்தின் மீதான கண்காணிப்பு இங்கு இரட்டிப்பாக இருந்தது.

விடுதலைக்குப் பிறகு இக்கட்டுப்பாடுகள் நீங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. மகாத்மா காந்தி கட்டுப்பாட்டு முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1947 இறுதியில் இந்திய அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆனால் விலை ஏறவே 1948-ல் அவை மீண்டும் வந்தன. அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்த ஆண்டுகளாகவும் அவை அமைந்தன. 1950-ல் தொடங்கிய கொரியப் போர் உலகச் சந்தையில் விலைகளை உயர்த்தியது. 1951-ன் தொடக்கத்தில் பங்கீட்டு அளவு நாளொன்றுக்கு 12 அவுன்சிலிருந்து 9 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவிடம் இந்தியா கேட்ட கோதுமை உதவி, கொரியப் போரில் இந்தியா எடுத்த நிலைப்பாட்டை அமெரிக்கப் பேராயத்தில் பலர் விரும்பாததால் பல மாதங்கள் இழுபட்டது. இறுதியில் 1951 சூனில் 19 கோடி டாலர் கடனாக அது ஒப்புதல் பெற்றது. எங்கோ நடைபெற்ற ஒரு போரைப் பற்றிய இராசதந்திரச் சொற்கள் தென்னார்க்காட்டுக் கூலியாளின் கஞ்சிக் கலயம்வரை வந்து சேர்ந்தன எனலாம்.

இங்கு ஒன்றைப் பிரித்துக் காண வேண்டும். கொள்முதலால் பாதிக்கப்பட்டவர் நிலமுடையோர். நிலமற்ற கூலியாளின் நிலை வேறு. கூலியை நெல்லாகப் பெற்றவரை அவருக்கு விலையேற்றம் நேரடியாக உறைக்கவில்லை. கூலி பணமாக மாறிய இடங்களில் பங்கீட்டுக் கடையே அவருக்குத் துணை. கட்டுப்பாட்டை நீக்குக என்னும் முழக்கம் முன்னவருக்கு இனித்த அளவு பின்னவருக்கு இனித்திருக்க இயலாது. உழவர், உழைப்பாளர் என்ற இரு சொற்களும் ஒரே மேடையில் வழங்கப்பட்டாலும் அவற்றின் பொருள் ஒன்றன்று.

உழைப்பாளர் கட்சி

தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களில் எண்ணிக்கையில் மிகுந்த சமூகம் வன்னியர். பெரும்பாலும் சிறு உழவர்களும் கூலித் தொழிலாளரும் அடங்கிய இச்சமூகத்தினர் காங்கிரசின் மாவட்டத் தலைமையிலும் வேட்பாளர் பட்டியல்களிலும் தமக்கு உரிய இடம் இல்லை எனக் குறைபட்டனர். வன்னியகுல சத்திரியர் சங்கத்தினர் 1940-களின் இறுதியில் மாவட்டக் கழகத் தேர்தலில் தனித்து நின்று கணிசமான வெற்றி கண்டனர். அந்த வெற்றியே அரசியல் கட்சி காணும் துணிவைத் தந்தது.

1951-ல் இரண்டு கட்சிகள் தோன்றின. கடலூரைச் சேர்ந்த எசு. எசு. இராமசாமிப் படையாட்சியார் (1918–1992) தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை நிறுவினார். அதன் வலிமை தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்தது. எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சி வடஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் இயங்கியது. ஒரே சமூகத்தின் ஆதரவை நம்பிய இரு கட்சிகள் ஒன்றையொன்று எதிர்க்காமல் மாவட்ட வாரியாகக் களத்தைப் பிரித்துக் கொண்டது அக்கால அரசியலில் புதுமையானது. தேர்தலின்போது இராமசாமிப் படையாட்சியாருக்கு வயது 33.

கட்சியின் பெயரில் சாதிப் பெயர் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உழைப்பாளர் என்ற சொல் வன்னியர் அல்லாத உழவரையும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலியாட்களையும் அழைக்கும் வகையில் தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். இரு உறுப்பினர் தொகுதிகளில் இந்த அழைப்பு வெறும் கொள்கை அன்று, தேர்தல் கணக்கும்கூட.

1949-ல் தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் 1952 தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் ஆதரிப்பதாக எழுத்து மூலம் உறுதியளித்த வேட்பாளர்களை அது ஆதரித்தது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் இந்த ஆதரவைப் பெற்றன. பெரியாரின் திராவிடர் கழகம் பொதுவுடைமைக் கட்சி இடம்பெற்ற எதிரணியை ஆதரித்தது. ஆகவே காங்கிரசுக்கு எதிரான பரப்புரையில் பேச்சாளர்களுக்குக் குறைவிருக்கவில்லை.

வாக்களிப்பு முறை

முதலாவது மக்களவையின் 489 இடங்கள் 401 தொகுதிகளிலிருந்து நிரப்பப்பட்டன. அவற்றுள் 86 தொகுதிகள் இரு உறுப்பினர் தொகுதிகள். திண்டிவனமும் அவ்வாறானதே. இங்கு ஓர் இடம் பொது. மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு அளிக்க இயலாது. ஒதுக்கீட்டு வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவர் முதலில் தேர்வு செய்யப்படுவார். பின்னர் எஞ்சிய அனைவருள்ளும் முதலிடம் பெற்றவர் மற்ற இடத்துக்கு உரியவராவார்.

வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். வாக்காளர் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டை இட்டால் போதும். எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு எளிய முறையாகக் கருதப்பட்ட இது, இரு உறுப்பினர் தொகுதிகளில் சற்றுச் சிக்கலாகியது. மக்களவைக்கு இரண்டு சீட்டு. சட்டமன்றத் தொகுதியும் இரு உறுப்பினர் தொகுதியாயின் அதற்கும் இரண்டு சீட்டு. எந்தச் சீட்டை எந்தப் பெட்டியில் இடுவது என்று ஊர்தோறும் விளக்க வேண்டியிருந்தது. இரட்டையராக நின்ற இரு வேட்பாளர்களும் ஒன்றாகவே வென்றனர் என்பது அந்த விளக்கம் ஊர்களில் நன்கு எடுபட்டதைக் காட்டுகிறது.

இரு உறுப்பினர் முறை நீண்டநாள் நிலைக்கவில்லை. 1957-ல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் பொது இடத்தையும் பழங்குடி வேட்பாளர் ஒருவரே வென்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி தோற்றார். அவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1961-ன் சட்டத்தால் இரு உறுப்பினர் தொகுதிகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன.

முடிவுகள்

சென்னை மாநிலத்தில் 1952 சனவரி மாதத்தில் பல நாட்களில் வாக்குப்பதிவு நடைபெற்றது. திண்டிவனத்தில் உழைப்பாளர் கட்சியின் முனுசாமியும் ஜெயராமனும் வெற்றி பெற்றனர். கட்சி மக்களவையில் மொத்தம் 4 இடங்களைப் பெற்றது. அவற்றுள் இரண்டு திண்டிவனத்திலிருந்து கிடைத்தவை. கடலூர், பெரம்பலூர் தொகுதிகளிலும் அக்கட்சியினர் வென்றனர். காமன்வீல் கட்சிக்கு 3 மக்களவை இடங்கள் கிடைத்தன.

இந்திய அளவில் உழைப்பாளர் கட்சி பெற்ற வாக்குகள் சுமார் 8.89 இலட்சம், அதாவது 0.84 விழுக்காடு. அதே தேர்தலில் 3.06 விழுக்காடு வாக்குப் பெற்ற பாரதீய சனசங்கம் 3 இடங்களையே வென்றது. ஒரே வட்டாரத்தில் செறிந்திருந்த ஆதரவு எத்தகைய பயனளிக்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. எனினும், இரு உறுப்பினர் தொகுதிகளில் ஒருவர் இரு வாக்குகள் அளித்ததால், வாக்கு எண்ணிக்கையை வாக்காளர் எண்ணிக்கையாகக் கொள்ளுதல் பிழையாகும். பிற்காலத்து நூல்கள் சிலவற்றில் இக்குழப்பம் காணப்படுகிறது.

375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களை மட்டுமே பெற்றது. உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் கிட்டின. முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராசாவும் அமைச்சர் மீ. பக்தவத்சலமும் தோல்வியடைந்தனர். மாநிலம் முழுவதும் காங்கிரசுக்கு ஏற்பட்ட சரிவுக்கு உணவுப் பற்றாக்குறையும் கட்டுப்பாடுகளும் ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்பட்டன. விக்கிரவாண்டியில் உழைப்பாளர் கட்சியின் ஏ. கோவிந்தசாமி சட்டமன்ற உறுப்பினரானார்.

தேர்தலுக்குப் பின்

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத நிலையில் த. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய சனநாயக முன்னணியை அமைத்தன. ஆயினும் ஆளுநர் சிறீபிரகாசா, சட்டமேலவைக்கு நியமிக்கப்பட்ட இராசகோபாலாச்சாரியை ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று அவர் முதலமைச்சரானார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அவரது அமைச்சரவையில் இடம்பெற்றார். காங்கிரசை எதிர்த்து வாக்களித்தவர்களின் உறுப்பினர்கள் காங்கிரசு ஆட்சி நிலைக்கத் துணையானது, ஆதரவளித்த திராவிட முன்னேற்றக் கழகத்தினருக்குக் கசப்பைத் தந்தது.

ஆனால் உழவர்கள் வேண்டிய ஒன்று விரைவிலேயே நடந்தேறியது. 1952 சூன் மாதத்தில் இராசகோபாலாச்சாரி உணவுத் தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் இரஃபி அகமது கித்வாய் அதற்குத் துணை நின்றார். விலை விண்ணைத் தொடும் எனப் பலர் எச்சரித்தனர், அவ்வாறு நிகழவில்லை. பதுக்கப்பட்டிருந்த நெல் சந்தைக்கு வந்தது. இந்நடவடிக்கையின் வெற்றியைக் கண்டு பிற மாநிலங்களும் பின்பற்றின. போர்க்காலத்தில் தொடங்கிய கட்டாயக் கொள்முதல் இவ்வாறு, தேர்தல் முடிந்து ஆறு மாதங்களுக்குள் முடிவுக்கு வந்தது. அரசின் அறிக்கைகள் இதனை முதலமைச்சரின் துணிவாகவே குறிப்பிடுகின்றன. சனவரியில் உழவர் அளித்த வாக்குக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர், இராமசாமிப் படையாட்சியார் ஆகிய இருவரும் இடம்பெற்றனர். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. வருவாய்த்துறையைக் கவனித்த மாணிக்கவேலு நாயக்கர் 1960-ல் நில உச்சவரம்பு மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1961-ன் அச்சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. நடைமுறையில் அதன் விலக்குகள் மிகுதி என்ற குறை அன்றே எழுந்தது.

ஏ. கோவிந்தசாமி காங்கிரசுக்குச் செல்ல மறுத்துத் தனித்து நின்றார். பின்னர் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். அவர் பயன்படுத்திய உதயசூரியன் சின்னமே அக்கழகத்தின் சின்னமாயிற்று. 1967-ல் அண்ணாதுரை அமைச்சரவையில் அவர் வேளாண்மைத் துறை அமைச்சரானார். அந்தத் தேர்தலிலும் அரிசியே முதன்மைச் சிக்கல்: 1965-ன் பாக்கித்தான் போரையும் அடுத்து வந்த வறட்சியையும் தொடர்ந்து ஏற்பட்ட பற்றாக்குறையில், ரூபாய்க்கு அரிசி என்னும் வாக்குறுதி காங்கிரசு ஆட்சியை வீழ்த்த உதவியது. 2025 சனவரியில் விழுப்புரத்தில் கோவிந்தசாமிக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது.

காரணம் பற்றிய கருத்து வேறுபாடு

இத்தேர்தலைச் சாதி வாக்கின் வெற்றியாகவே பல ஆய்வாளர் நோக்குவர். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் ஆகியோர் 1967-ல் வெளியிட்ட நூலில், சாதிச் சங்கங்கள் மக்களாட்சியின் கருவியாக மாறுவதற்கு வன்னியர் சங்கத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டனர். அந்நூலுக்குப் பிறகு உலகெங்கும் அரசியல் மாணவர்கள் தென்னார்க்காட்டை இக்கோணத்திலேயே அறிந்தனர்.

இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையன்று. சாதி அடிப்படையிலான குறை 1946-லும் இருந்தது. அப்போது காங்கிரசு தோற்கவில்லை. 1946-க்கும் 1952-க்கும் இடையில் மாறியவை இரண்டு. ஒன்று, வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை. மற்றொன்று, கட்டுப்பாடுகளுக்கான பொறுப்பு வெள்ளை அரசிடமிருந்து காங்கிரசு அரசுக்கு மாறியமை. அதுவரை ஆளுநரின் அலுவலர் மீதிருந்த சினம், அதே அலுவலர் அதே நெல்லை அளந்து சென்றபோது காங்கிரசு மீது திரும்பியது. சாதிச் சங்கம் அச்சினத்துக்கு ஓர் அமைப்பைத் தந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஜெயராமன் அதே கட்சியில் வென்றதைச் சாதி விளக்கம் மட்டும் கொண்டு விளக்குவது கடினம். அதே வேளையில், உழைப்பாளர் கட்சி கூலியாட்களின் கூலியைப் பற்றித் தனிப் போராட்டம் எதனையும் முன்னெடுத்த கட்சியாக வரலாற்றில் நினைவுகூரப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெயர் ஒற்றுமை

காமன்வீல் கட்சியைப் பிரித்தானியாவின் காமன்வெல்த் கட்சியுடன் குழப்பிக் கொள்ளக் கூடாது. பின்னது 1942-ல் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் பிரித்தானியாவின் பெரிய கட்சிகள் இடைத்தேர்தல்களில் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என உடன்பாடு செய்திருந்தன. அதை ஏற்காத இக்கட்சி, 1943 ஏப்ரல் 7 அன்று செசயர் மாவட்டத்தின் எடிசுபரி என்னும் ஊரகத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் விமானப்படை வீரரான சான் லவர்சீடை நிறுத்தி 486 வாக்குகள் வேறுபாட்டில் வென்றது. பால் மாடுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த அத்தொகுதியில் வேளாண்மையே முதன்மைத் தொழில். அங்கே உழவர்கள் போர் நடக்கும்போதே வாக்களிக்க முடிந்தது. திண்டிவனத்து உழவர் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொகுதியின் பிற்கால வரலாறு

1957-ல் திண்டிவனத்தில் சுயேச்சை வேட்பாளர் ஒருவர் வென்றார். 1962-ல் தொகுதி காங்கிரசிடம் சென்றது. உழைப்பாளர் கட்சியை நிறுவிய இராமசாமிப் படையாட்சியார் 1980, 1984 ஆகிய இரு தேர்தல்களிலும் இதே திண்டிவனத்திலிருந்து, இம்முறை காங்கிரசு வேட்பாளராக, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1993-ல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டத்துக்கு விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அப்பெயரும் நீங்கியது.

திண்டிவனத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ச. இராமதாசு 1980-ல் வன்னியர் சங்கத்தையும் 1989-ல் பாட்டாளி மக்கள் கட்சியையும் தொடங்கினார். பாட்டாளி என்னும் சொல் உழைப்பாளி என்பதற்கு நேரானது. 2004-ல் அக்கட்சியின் கே. தன்ராசு திண்டிவனத்தில் வென்றார். அவரே இத்தொகுதியின் இறுதி மக்களவை உறுப்பினர். 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட விழுப்புரம் தொகுதி உருவாக்கப்பட்டது. திண்டிவனம் அதன் ஒரு சட்டமன்றத் தொகுதியாக அமைந்தது.